ஓரம் பிரியாத குரோமோசோம்

1924ஆம் ஆண்டு, இந்திய வேளாண் துறையின் பூச்சியியல் வெளியீட்டில் சில பக்கங்களே கொண்ட ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர் ஜே. ஆர். மல்லாக். ஸ்காட்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் இருந்துகொண்டு உலகெங்கும் இருந்து வரும் ஈக்களை வகைப்படுத்தியவர். கோயம்புத்தூரிலிருந்து வந்த இரண்டு ஈ இனங்களைப் பற்றியது அந்தக் குறிப்பு. அதில் ஒன்றுக்கு அவர் இட்ட பெயர் டிரோசோஃபிலா பையார்மிபெஸ். எள்ளளவு உடம்பு, சிவந்த கண், ஆண் ஈக்கு மட்டும் இறக்கை நுனியில் ஒரு கரும்பொட்டு.  

அந்தக் குறிப்பு வெளியாகி 95 ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மியா லெவின் குழுவினர் இந்த ஈயின் குரோமோசோம் முனைகளைப் படித்துப் பார்த்தார்கள். அதன் நெருங்கிய உறவினங்கள் தங்கள் முனைகள் தேயாமல் காக்கப் பயன்படுத்தும் வழிமுறை இதில் சுத்தமாக இல்லை. அது இல்லாமலேயே ஈ நலமாக வாழ்கிறது, தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது. உயிரியல் பாடநூல்கள் குரோமோசோம் முனை பற்றிச் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியை இந்தச் சிறு ஈ எழுப்பிவிட்டது.

ஒரு விளக்கம் முதலிலேயே தேவை. கொய்யாவையும் மாம்பழத்தையும் துளைத்து முட்டையிட்டு விவசாயியை நட்டப்படுத்தும் பழ ஈ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கே பேசப்படுவது, தார் கனிந்து தோல் கறுத்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் மிகச் சிறிய ஈ. நொதித்த பழத்தில் வளரும் ஈஸ்ட்தான் அதன் உணவு. 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 10 நாளில் முட்டையிலிருந்து முழு ஈ வந்துவிடும். அதன் உறவான டிரோசோஃபிலா மெலனோகாஸ்டரில் குரோமோசோம்கள் நான்கே இணை. 1910 முதல் மரபியலின் பெரும்பகுதி இந்த ஈயின் மேல்தான் கட்டப்பட்டது.

குரோமோசோம் என்பது நீளமான ஒரு டிஎன்ஏ இழை. நீளமாக இருக்கும் எதற்கும் இரண்டு முனைகள் உண்டு. செல்லுக்கு அங்கேதான் சிக்கல், அதுவும் இரட்டைச் சிக்கல். முதலாவது, டிஎன்ஏ எங்கேனும் அறுந்தால் உடனே ஒட்டிவிடும் பழுதுநீக்கும் புரதங்கள் செல்லுக்குள் எப்போதும் தயாராக இருக்கின்றன. இயல்பான முனையும் அவற்றின் பார்வைக்கு ஒரு முறிவுதான். இரண்டு குரோமோசோம்களின் முனைகளை அவை ஒட்டிவிட்டால், செல் பிரியும்போது இரு பக்கமும் இழுபட்டுக் குரோமோசோம் கிழியும். இரண்டாவது, டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதியால் கடைசி எழுத்துவரை முழுமையாகப் படியெடுக்க இயலாது. ஒவ்வொரு முறையும் முனையில் கொஞ்சம் குறையும். இதை 1971இல் சோவியத் ரஷ்யாவின் அலெக்சி ஒலோவ்னிகோவும், 1972இல் ஜேம்ஸ் வாட்சனும் தனித்தனியே சுட்டிக்காட்டினார்கள்.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. பனியன் துணியை வெட்டி அப்படியே விட்டால் ஓரம் சுருண்டு கண்ணி பிரியும். ஓவர்லாக் மெஷின் அந்த ஓரத்தைச் சீராக நறுக்கிக்கொண்டே நூலால் சுற்றிக் கட்டுகிறது. குரோமோசோமுக்கும் ஓரம் கட்டும் ஏற்பாடு வேண்டும். அந்த ஓரம் தேயும்போது துணியை மீண்டும் நீட்டித் தரும் ஏற்பாடும் வேண்டும். இவை இரண்டும் தனித்தனி வேலைகள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கதை தெளிவாகும்.

முனைக்குத் தனித்தன்மை உண்டு என்று முதலில் கண்டவர் ஹெர்மன் முல்லர். எக்ஸ் கதிரால் மரபணு மாற்றங்களை உண்டாக்கலாம் என்று 1927இல் பழ ஈக்களைக் கொண்டு உலகுக்குக் காட்டியவர். அந்தக் கண்டுபிடிப்புக்காக 1946இல் நோபல் பரிசு பெற்றவர். கதிர் பட்ட ஈக்களின் குரோமோசோம்கள் எப்படியெல்லாமோ முறிந்து, திருகி, மாறி ஒட்டியிருந்தன. ஆனால் முனையை இழந்து, வெறும் முறிவோடு நிலைத்த குரோமோசோம் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. அப்படியானால் முனையில் இருப்பது சாதாரண டிஎன்ஏ அல்ல, அதை மூடிக் காக்கும் ஏதோ ஒன்று என்று முடிவு செய்தார். 1938இல் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் நிலையத்தில் ஆற்றிய உரையில் அதற்கு டீலோமியர் என்று பெயரிட்டார்.

அந்த நாட்களில் முல்லர் வேலை பார்த்தது எடின்பரோவில். அங்கே அவரிடம் ஆய்வு மாணவராக இருந்தவர்களில் ஒருவர் வங்காளத்தைச் சேர்ந்த எஸ். பி. ரே-சௌதுரி. ஒரே மொத்த அளவுக் கதிரை அரைமணி நேரத்தில் கொடுத்தாலும் ஒரு மாத காலம் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாலும் ஈக்களில் விளையும் மரபணு மாற்றத்தின் அளவு ஒன்றுதான் என்று காட்டியவர். குறைந்த கதிர்வீச்சின் ஆபத்து பற்றிய பிற்கால விவாதங்கள் எல்லாவற்றிலும் அந்த ஆய்வு பேசப்பட்டது. இந்தியா திரும்பிய அவர் பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் குரோமோசோம் ஆய்வுக்குப் பெரிய மரபு ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் பழ ஈ ஆய்வு இன்று காசி, மைசூர், பெங்களூரு, ஐதராபாத் என்று பரவியிருப்பதில் அவருக்கு நிறையப் பங்கு உண்டு. கோவை ஈக்கும் காசிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. மல்லாக்கின் பழைய குறிப்பு கவனத்துக்கு வராமல் இருந்த காலத்தில், அதே ஈ 1968இல் மைசூர் ஆய்வாளர்களால் ராஜசேகரி என்றும், 1969இல் காசியின் ஜே. பி. குப்தாவால், ரே-சௌதுரியின் பெயரால் ரேசௌதுரி என்றும் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. மூன்றும் ஒன்றே என்று தெரிந்த பிறகு, முதலில் வைத்த பெயரே நிலைத்தது.

முல்லர் கண்டது என்ன பொருள் என்று தெரிய 40 ஆண்டுகள் ஆயின. சோளத்தில் பார்பரா மெக்ளின்டாக் அதே காலத்தில், முனையிழந்த குரோமோசோம்கள் ஒட்டுவதையும் கிழிவதையும் நுண்ணோக்கியில் பார்த்துப் பதிவு செய்திருந்தார். 1978இல் எலிசபெத் பிளாக்பர்னும் ஜோசப் காலும் குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியின் முனையில் ஆறெழுத்துச் சொல் ஒன்று திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார்கள். 1984இல் பிளாக்பர்னின் மாணவி கேரல் கிரைடர், அந்தச் சொல்லை எழுதிச் சேர்க்கும் டீலோமெரேஸ் என்ற நொதியைக் கண்டுபிடித்தார். மனிதரில் அந்தச் சொல் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி. இந்த ஆய்வுகளுக்கு 2009இல் நோபல் பரிசு வந்தது. ஈஸ்ட், செடி, மீன், மனிதர் என எங்கே தேடினாலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. முனை என்றால் ஒரு சிறு சொல், அதைத் திரும்பத் திரும்ப எழுத ஒரு நொதி என்பது உயிரியலின் பொதுவிதியாகிவிட்டது.

முனை என்ற கருத்தே பிறந்த பழ ஈயில் மட்டும் அந்த விதி பொருந்தவில்லை. சிறு சொல்லைத் தேடியவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. டீலோமெரேஸ் மரபணுவும் இல்லை. ஈக்களும் கொசுக்களும் அடங்கிய இருசிறகிப் பூச்சி வரிசை முழுவதுமே அதைத் தொலைத்துவிட்டது. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அந்த வரிசையின் மூதாதையிடம் நடந்த இழப்பு அது.

பிறகு முனையில் என்னதான் இருக்கிறது? காலிடம் படித்த மேரி-லூ பார்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும், ஹரால்ட் பீஸ்மனும் ஜேம்ஸ் மேசனும் வேறு ஆய்வகங்களிலும் இதை விடாமல் துரத்தினார்கள். 1990இல் விடையின் முதல் பகுதி கிடைத்தது. முனை முறிந்த ஒரு குரோமோசோமில், தலைமுறைகள் கடந்த பிறகு, ஹெட்-ஏ என்ற நீளமான டிஎன்ஏ துண்டு புதிதாக வந்து ஒட்டியிருந்தது. 1993இல் டார்ட் என்ற இன்னொன்று, 2004இல் டாரே என்ற மூன்றாவது. மூன்றும் தாவும் மரபணுக்கள்.

தாவும் மரபணு என்றாலே உயிரியலாளர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. எந்த உயிரிக்குள் இருக்கிறதோ அதன் நலனைப் பாராமல் தன் நகலைப் பெருக்கி மரபுத்தொகுதி எங்கும் செருகிக்கொள்ளும் ஒட்டுண்ணி அது. நல்ல மரபணுவின் நடுவே விழுந்தால் அதைக் கெடுத்துவிடும். பழ ஈயில் இந்த மூன்றும் செருகிக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்றுதான், குரோமோசோமின் நுனி. ஹெட்-ஏ ஆர்என்ஏ நகலாக மாறி, உட்கருவை விட்டு வெளியே போய், தானே குறியிட்ட ஒரு புரதத்தோடு சேர்ந்து உள்ளே திரும்புகிறது. அந்தப் புரதம் அதை முனைக்குக் கொண்டுசேர்க்கிறது. அங்கே குரோமோசோமின் கடைசி எழுத்தைப் பிடிமானமாகக் கொண்டு, ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ மீண்டும் எழுதப்படுகிறது. முனை ஒரே வீச்சில் சுமார் 6,000 எழுத்துகள் நீள்கிறது. ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுதும் நொதி ஹெட்-ஏவிடம் கிடையாது. அது டார்ட், டாரே ஆகியவற்றிடம் உண்டு. இரவல் வாங்கித்தான் ஹெட்-ஏ இதைச் செய்கிறது என்று கருதப்படுகிறது.

கணக்கைப் பார்த்தால் இந்த ஏற்பாடு எவ்வளவு நிதானமானது என்று புரியும். பழ ஈயின் முனை ஒரு தலைமுறைக்கு 70 முதல் 75 எழுத்துகள் வீதம் தேய்கிறது. 6,000 எழுத்துகள் தேய சுமார் 80 தலைமுறைகள் ஆகும். ஆக, ஒரு முனைக்கு சராசரியாக 80 தலைமுறைக்கு ஒருமுறை ஒரு ஹெட்-ஏ வந்து ஒட்டினாலே போதும். அவசரமில்லாத வேலை. அதனால்தான் ஒட்டுண்ணி ஒன்றை நம்பி இந்த ஈயின் வம்சம் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிழைத்திருக்க முடிந்தது.

நீட்டுவது ஒரு வேலை. ஓரம் கட்டுவது இன்னொன்று. முனையை மூடும் புரதங்களைத் தேடியதில் முன்னணியில் நின்றவர்கள் ரோம் நகரத்தின் மௌரிசியோ கட்டி குழுவினர். முனை மூடும் புரதம் கெட்டுப்போன ஈப்புழுக்களின் மூளைச் செல்களில் குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி வரிசையாக நீண்டு கிடப்பதைக் கண்டார்கள். அந்த மரபணுக்களுக்குத் தங்கள் நாட்டு ஓவியர்களின் பெயர்களையே வைத்தார்கள்: காரவாஜியோ, மொடிலியானி, வெரோக்கியோ. காரவாஜியோ மரபணு தரும் புரதம் ஹோப். அமெரிக்காவில் யிகாங் ரோங் குழு கண்ட ஹிப்ஹாப் என்ற புரதமும் சேர்ந்து இவை டெர்மினின் என்ற கூட்டமாக முனையில் அமர்கின்றன. குரோமோசோமை இறுக்கிச் சுருட்டும் எச்பி1 புரதமும் அங்கே தேவை என்பது 1998இலேயே தெரிந்தது.

இங்கேதான் பழ ஈ மற்ற உயிர்களிடமிருந்து மிகவும் விலகி நிற்கிறது. மனிதரின் முனை மூடும் புரதங்கள் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற சொல்லைப் படித்து அடையாளம் கண்டு அமர்கின்றன. சொல் இல்லையென்றால் அவை அமர்வதில்லை. டெர்மினினுக்கு எந்தச் சொல்லும் வேண்டியதில்லை. ஹெட்-ஏவும் டார்ட்டும் முழுக்கப் போய்விட்ட குரோமோசோம்கள், எங்கோ நடுவில் முறிந்த நுனியோடு, ஆய்வகங்களில் பல ஆண்டுகளாகப் பத்திரமாகப் பேணப்படுகின்றன. அந்த நுனியிலும் டெர்மினின் அமர்கிறது. குரோமோசோமும் ஒட்டாமல் நிற்கிறது. மாறாக, ஹெட்-ஏ முழுதாக இருந்தும் ஹோப் இல்லையென்றால் முனைகள் ஒட்டிக்கொள்கின்றன. பழ ஈயில் ஓர் இடம் முனையாக இருப்பது அங்கே எழுதியிருக்கும் எழுத்தால் அல்ல. அங்கே அமர்ந்திருக்கும் புரதத்தால், அந்தப் புரதம் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குக் கைமாறி வருவதால்.

இந்தப் பின்னணியில் திருப்பூர் மாவட்டத்துத் தாராபுரம் வட்டாரத்துக்கு நன்கு பழக்கமான இன்னொரு பூச்சியையும் பார்க்க வேண்டும். உடுமலையிலிருந்து தாராபுரம் வரும் வழிநெடுக மல்பெரித் தோட்டங்களும் புழு வளர்ப்பு மனைகளும் இருக்கின்றன. இங்கே வெண்பட்டுக்கூடு கட்டும் பட்டுப்புழுவின் குரோமோசோம் 28 இணை. அதன் முனையில் பூச்சிகளின் பழைய சொல்லான டி-டி-ஏ-ஜி-ஜி இருக்கிறது. டீலோமெரேஸ் மரபணுவும் இருக்கிறது. ஆனால் அந்த நொதி மிகவும் நலிந்தது. சோதனைகளில் அதன் வேலை தென்படவேயில்லை. டோக்கியோவில் ஹருஹிகோ ஃபூஜிவாரா குழுவினர் 1990களில் இதை ஆராய்ந்தபோது, அந்தச் சொற்களின் நடுவே டிராஸ், சார்ட் என்ற தாவும் மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் செருகியிருப்பதைக் கண்டார்கள். அவை டி-டி-ஏ-ஜி-ஜி என்ற இடத்தைக் குறிபார்த்துச் செருகிக்கொள்பவை. கோதுமை மாவில் வரும் செவ்வண்டிலும் இதற்கு ஒப்பான நிலை. நொதியும் தாவும் மரபணுவும் சேர்ந்திருக்கும் இந்தப் பூச்சிகள், பழ ஈயின் மூதாதை எப்படி நொதியிலிருந்து தாவும் மரபணுவுக்கு மாறியிருக்கலாம் என்பதற்கு உயிருள்ள குறிப்புகள். நொதி நலிகிறது, ஒட்டுண்ணி அந்த இடத்தில் குவிகிறது, பிறகு நொதி இல்லாமலும் முனை தேயாமல் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டை உயிரியலாளர்கள் நெடுநாள் ஒரு கூட்டுவாழ்வாகவே விவரித்தார்கள். தாவும் மரபணுவுக்குத் தங்க இடம், ஈக்கு நீளும் முனை, இருவருக்கும் ஆதாயம். படிக்க அழகான விளக்கம்தான். ஆனால் ஆதாயம் இருவருக்கும் சரிசமம் என்றால், ஈ ஏன் அவற்றை இவ்வளவு கடுமையாகக் கண்காணிக்க வேண்டும்? 2006இல் மாஸ்கோ ஆய்வாளர்கள், ஈயின் கருமுட்டைத் திசுவில் சிறிய ஆர்என்ஏ துண்டுகளைக் கொண்ட ஒரு காவல் ஏற்பாடு, மற்றத் தாவும் மரபணுக்களை அடக்குவதுபோலவே ஹெட்-ஏவையும் டார்ட்டையும் அடக்கிவைக்கிறது என்று காட்டினார்கள். காவல் தளர்ந்தால் அவை முனையில் அடிக்கடி ஒட்டத் தொடங்குகின்றன. இத்தாலியின் காட்டு ஈக்களில், முனைகள் பல மடங்கு நீண்டுபோன ஒரு வகையும் கிடைத்திருக்கிறது. நட்பு என்று சொல்வதைவிட, இரு தரப்பும் ஒருவரையொருவர் விடாமல் நெருக்கும் உறவு என்று சொல்வதே பொருத்தம்.

லெவின் குழுவின் 2019ஆம் ஆண்டு ஆய்வு இந்தச் சந்தேகத்தைத்தான் சோதித்தது. மெலனோகாஸ்டரை உள்ளடக்கிய இனக்கூட்டத்தின் ஒன்றரைக் கோடி ஆண்டு வரலாற்றை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையான கூட்டுவாழ்வாக இருந்தால் ஒரே தாவும் மரபணுக்கள் எல்லா இனங்களிலும் நிலையாக இருக்க வேண்டும். அவர்கள் கண்டது வேறு. முனையில் வாழும் நான்கு தனித்த வம்சங்கள் தெரிந்தன. ஓரினத்தில் ஒரு வம்சம் புதிதாக எழுகிறது, இன்னோரினத்தில் அழிகிறது, மற்றொன்றில் பழையதின் இடத்தைப் புதியது பிடிக்கிறது. இப்படித் தொடர்ந்து மாறுவது, உள்ளுக்குள் போட்டி ஓயாமல் நடப்பதன் அடையாளம்.

கோவை ஈயில் அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. முழு மரபுத்தொகுதியையும் நீளத் துண்டுகளாகப் படித்தும், குரோமோசோம்களை நேரடியாகச் சாயமேற்றிப் பார்த்தும் அவர்கள் இதை உறுதி செய்துகொண்டார்கள். முனையில் இருந்தவை, வேறெங்கும் காணப்படாத ஒருவகைத் திரும்பவரும் டிஎன்ஏவும், வேறு வகைத் தாவும் மரபணு ஒன்றின் உடைந்த எச்சங்களும். அந்த எச்சங்களால் தாமாக நகலெடுக்க முடியாது. அப்படியானால் முனை எப்படி நீள்கிறது? தேய்ந்த முனை, இன்னொரு முனையை அச்சாக வைத்துத் தன்னை நீட்டி எழுதிக்கொள்கிறது என்பதே அவர்களின் முடிவு. மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவின் முனைகளுக்கும் இந்த வழிதான் என்று முன்பே தெரியும்.

இருசிறகிகளின் மூதாதை நொதியைத் தொலைத்தது. அதன் இடத்தைத் தாவும் மரபணு பிடித்தது. கோவை ஈயின் மூதாதை அதையும் தொலைத்தது. இரண்டு முறை அடித்தளம் பறிபோயும் இனம் அழியாததற்கு, எழுத்தைப் பாராமல் முனையை மூடும் புரதங்களே காரணம் என்று கருத இடமிருக்கிறது. சொல்லைப் படித்து அமரும் மனிதப் புரதங்களோடு இப்படிப்பட்ட இழப்பு நேர்ந்திருந்தால், முதல் முறையே முனைகள் ஒட்டத் தொடங்கியிருக்கும்.

கோவை ஈயின் வழி மனிதருக்கும் அந்நியமில்லை. புற்றுச்செல் ஓயாமல் பிரிய வேண்டுமானால் முனை தேயாமல் இருந்தாக வேண்டும். பெரும்பாலான புற்றுகள் டீலோமெரேஸை மீண்டும் இயக்கிக்கொள்கின்றன. ஆனால் 10 முதல் 15 சதவீதப் புற்றுகளில் அந்த நொதி இல்லை. அவை இன்னொரு முனையை அச்சாக வைத்துத் தங்கள் முனையை நீட்டிக்கொள்கின்றன. சில எலும்புப் புற்றுகளிலும் மூளைக் கட்டிகளிலும் இது அதிகம். நொதி பிடுங்கப்பட்ட ஈஸ்ட் செல்கள் இதே உபாயத்தால் பிழைப்பதை 1993இல் விக்டோரியா லண்ட்பிளாடும் பிளாக்பர்னும் காட்டியிருந்தார்கள். டீலோமெரேஸைத் தடுக்கும் இமெடெல்ஸ்டாட் என்ற மருந்துக்கு 2024 ஜூனில், எலும்பு மஜ்ஜையில் ரத்த உற்பத்தி குலையும் ஒரு நோய்க்காக, அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நொதியே இல்லாத புற்றுக்கு அத்தகைய மருந்தால் பயன் எதிர்பார்க்க முடியாது. அந்தப் புற்றுகளைப் புரிந்துகொள்ள, முனையோடு முனை பார்த்து எழுதும் வழியை நோயாக இல்லாமல் இயல்பான வாழ்க்கையாகவே கொண்ட ஒரு முழு விலங்கு கையில் இருப்பது பெரிய வசதி.

அந்த விலங்கு முதலில் விவரிக்கப்பட்டது கோவை மண்ணிலிருந்து. கனிந்த வாழைப்பழத்தையும் ஈஸ்டையும் ஒரு பாட்டிலில் போட்டுத் தோட்டத்தில் வைத்தால் பழ ஈக்கள் வந்துசேரும். அவற்றில் இறக்கை நுனியில் கரும்பொட்டு உள்ள ஆண்களைப் பிரித்தெடுத்தால் தேடலைத் தொடங்கலாம், அவை இந்த இனம்தானா என்று உறுதி செய்துகொண்டு. ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்துச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பெருங்குரோமோசோம்களைப் பார்ப்பது எம்.எஸ்சி. விலங்கியல் செய்முறை வகுப்புகளில் வழக்கமாக நடக்கும் பயிற்சி. திருப்பூர், கோவை மாவட்டக் கல்லூரிகளில் அந்தப் பயிற்சிக்கு இந்த ஈயையே எடுத்துக்கொள்ளலாம். முனையில் இருக்கும் திரும்பவரும் டிஎன்ஏ ஊருக்கு ஊர் நீளத்தில் மாறுகிறதா என்பது, பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டில் விடைகாணத் தொடங்கக்கூடிய கேள்வி.